எக்ஸிகியூட்டிவ் கோச்சிங்: பெரிய பாஸ்களுக்கு மட்டும்தானா, உங்களுக்கும் கிடைக்குமா?

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலை. அங்கே நீங்கள் ஐந்து வருடமாக வேலை செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த மெஷின் நின்றாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். போன மாதம் உங்களை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். சம்பளம் கொஞ்சம் கூடியது, பன்னிரண்டு பேர் உங்களுக்குக் கீழே வந்தார்கள். அதில் ஒருவர் உங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நீங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது மெஷினை ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவீர்கள். அந்த அண்ணன் இப்போது தினமும் இருபது நிமிடம் லேட்.

என்ன செய்வீர்கள்? வீட்டில் சொன்னால், "பெரியவங்கள எதிர்த்துப் பேசாதப்பா" என்பார் அம்மா. மேனேஜரிடம் போனால் "வார்னிங் லெட்டர் கொடு" என்பார். மாமாக் கடையில் கூட உட்காரும் நண்பன் "விட்டுத் தள்ளுடா" என்று தே தாரிக்கை உறிஞ்சுவான். மூன்று பேரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்த அண்ணன் முன்னால் நிற்கப்போவது நீங்கள் மட்டும்தான்.

எக்ஸிகியூட்டிவ் கோச்சிங் உதவுவது இந்த மாதிரி இடத்தில். பெயரில் 'எக்ஸிகியூட்டிவ்' இருப்பதால் இது கே.எல்.சி.சி. கோபுரத்தில் உட்கார்ந்திருக்கும் சி.இ.ஓ.க்களுக்கான சமாச்சாரம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. இன்று நிலைமை மாறியிருக்கிறது. இதற்கான பணம் உங்கள் கம்பெனியின் கணக்கில் ஏற்கெனவே இருக்கவும் வாய்ப்பு உண்டு. அது பற்றிப் பிறகு பார்ப்போம்.

கோச் அப்படி என்னதான் செய்வார்?

முதலில், அவர் அறிவுரை சொல்ல மாட்டார். கேள்வி கேட்பார், பிறகு வாயை மூடிக்கொண்டு கேட்பார். மேலே சொன்ன கதையோடு நீங்கள் ஒரு கோச்சிடம் போனால் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அவர் லேட்டா வர்றாருன்னு உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"ரெண்டு வாரமா."

"அதைப் பத்தி அவர்கிட்ட என்ன பேசினீங்க?"

"நேரா ஒண்ணும் பேசல. குரூப்ல பொதுவா ஒரு மெசேஜ் போட்டேன்."

"நேரா பேசாம இருக்க என்ன காரணம்?"

"அவர்தான் எனக்கு வேலையே கத்துக்கொடுத்தாரு. நான் போயி எப்படி..."

இங்கே ஒரு மௌனம். நல்ல கோச் அந்த மௌனத்தை நிரப்ப அவசரப்பட மாட்டார். கொஞ்ச நேரம் கழித்து அடுத்த கேள்வி வரும்: "உங்களுக்குக் கஷ்டமா இருக்குறது அவர் லேட்டா வர்றதா, இல்ல அவருக்கு நீங்க மேலதிகாரி ஆனதா?"

இந்தக் கேள்வியை அம்மாவும் கேட்கவில்லை, மேனேஜரும் கேட்கவில்லை. அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே ஒருவரைக் கண்டிக்க முடியுமா என்பது நம் ஆட்களுக்கு நிஜமான பிரச்சினை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மேனேஜ்மெண்ட் புத்தகத்தில் அதற்கு விடை இருக்காது. விடை உங்களிடம்தான் இருக்கும், அல்லது நீங்களும் அந்த அண்ணனும் உட்கார்ந்து பேசுவதில் இருக்கும். கோச் அந்தப் பேச்சுக்கு உங்களைத் தயார் செய்வார். இரண்டு வாரம் கழித்து மறுபடி சந்திக்கும்போது, "பேசினீங்களா? என்ன நடந்துச்சு?" என்று விடாமல் கேட்பார். இப்படியே ஆறேழு சந்திப்புகள், சில மாதங்கள். அவ்வளவுதான் இதன் வடிவம்.

இந்த முறைக்கு ஒரு வரலாறும் உண்டு. 1974-ல் திமத்தி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் பயிற்றுநர் ஒரு புத்தகம் எழுதினார். ஆட்டக்காரருக்கு எதிரே நிற்பவரைவிடப் பெரிய எதிராளி அவர் தலைக்குள்ளேயே இருக்கிறார் என்பதுதான் அதன் சாரம். அதை அலுவலக வேலைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பிரிட்டனின் ஜான் விட்மோர். இவர் முன்பு கார் பந்தய வீரர். 1992-ல் வந்த இவருடைய புத்தகம் பரப்பிய 'குரோ' முறையை இன்றும் பல கோச்சுகள் பயன்படுத்துகிறார்கள். என்ன வேண்டும், இப்போது நிலவரம் என்ன, என்னென்ன வழிகள் இருக்கின்றன, அதில் எதைச் செய்யப்போகிறீர்கள் என்ற நான்கு கேள்விகளின் வரிசைதான் அது.

கோச் என்ற சொல்லும் நமக்குப் புதிதல்ல. செர்டாங்கில் கே.டி.எம். கொமுட்டர் ஏறுபவர்களுக்கு, 2010-ல் வந்த பெண்களுக்கான 'கோச் வனித்தா' பெட்டி தெரியும். அந்த 'கோச்'சும் இந்த கோச்சும் ஒன்றுதான். ஹங்கேரியில் கோச் என்றொரு கிராமம் நல்ல குதிரை வண்டிகளுக்குப் பேர் போனது. ஊர்ப் பெயர் வண்டிக்கு ஒட்டிக்கொண்டது. 19-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தங்களைப் பரீட்சையில் 'சுமந்து' கரை சேர்க்கும் ஆசிரியரைக் கிண்டலாக அப்படிக் கூப்பிட்டார்கள். அங்கிருந்து விளையாட்டுத் திடலுக்குப் போய், கடைசியில் அலுவலகத்துக்கு வந்தது.

மெண்டர், டிரெய்னர், கவுன்சலர்: இவர்களும் இதைத்தானே செய்கிறார்கள்?

குழப்பம் வருவது இயல்பு. டிரெய்னர் உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுப்பார். மெண்டர் உங்கள் துறையில் முன்னே போனவர், "நான் இப்படிச் செஞ்சேன்" என்று தன் அனுபவத்திலிருந்து பேசுவார். கவுன்சலர் மனத்தின் காயத்தோடு வேலை செய்பவர். கோச்சுக்கு உங்கள் துறை தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

ஏற்கெனவே நன்றாகச் செய்பவருக்கு எதற்கு கோச்?

இதற்கு எனக்குப் பிடித்த பதில் ஆபரேஷன் அறையிலிருந்து வருகிறது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் அதுல் கவாண்டே, எட்டு வருட அனுபவத்துக்குப் பிறகு தன் திறமை ஒரே இடத்தில் நின்றுவிட்டதாக உணர்ந்தார். மோசமாகிவிடவில்லை, ஆனால் வளரவும் இல்லை. டென்னிஸ் ஆட்டக்காரர்கள் உலகின் உச்சியில் இருக்கும்போதும் கோச் வைத்துக்கொள்கிறார்கள், டாக்டர்கள் மட்டும் ஏன் வைத்துக்கொள்வதில்லை என்று யோசித்தார். பயிற்சிக் காலத்தில் தனக்குப் பாடம் எடுத்த, ஓய்வு பெற்ற ராபர்ட் ஆஸ்டீன் என்ற டாக்டரை ஆபரேஷன் அறைக்குக் கூப்பிட்டார்.

ஆஸ்டீன் ஓரமாக நின்று ஒரு தைராய்டு ஆபரேஷனைப் பார்த்தார். எதிலும் தலையிடவில்லை, குறிப்பு மட்டும் எடுத்தார். கவாண்டேவைப் பொறுத்தவரை அது பிரச்சினை இல்லாமல் முடிந்த ஆபரேஷன். ஆஸ்டீன் எழுதி வைத்திருந்தவை சின்னச் சின்ன விஷயங்கள். சில நேரம் கவாண்டேவின் முழங்கை தோள் உயரத்துக்கு எழும்பிவிடுகிறது, அப்படி நின்றால் கையில் துல்லியம் வராது. மேலே இருக்கும் விளக்கு நகர்ந்துபோய், சுமார் அரை மணி நேரம் வெளிச்சம் நேராகக் காயத்தில் விழவே இல்லை. அதை கவாண்டே கவனிக்கவே இல்லை. 2011-ல் நியூயார்க்கர் இதழில் இதை அவரே எழுதினார். கோச் வர ஆரம்பித்த பிறகு தன் நோயாளிகளுக்கு ஏற்படும் சிக்கல்கள் குறைந்தன என்றும் சொல்லியிருக்கிறார்.

அந்த விளக்கை மறுபடி யோசித்துப் பாருங்கள். அறையில் நர்ஸ் இருந்தார், மற்ற டாக்டர்கள் இருந்தார்கள். அவரவர் வேலையை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவாண்டேவைக் கவனிப்பதையே வேலையாகக் கொண்டவர் அன்று வந்த ஒருவர்தான்.

தொழில்நுட்ப உலகில் இதற்குப் புகழ்பெற்ற பெயர் பில் கேம்ப்பெல். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து கோச்சாக இருந்து, பிறகு சிலிக்கன் வேலிக்கு வந்தவர். ஸ்டீவ் ஜாப்ஸ், எரிக் ஷ்மிட் போன்றவர்களுக்கு கோச். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சையும் அவரிடம் ஆலோசித்தவர்தான். அந்த வாரம் எந்த இழுபறியைத் தீர்த்து வைத்தாய் என்று கேம்ப்பெல் தன்னிடம் கேட்பார் என பிச்சை சொல்லியிருக்கிறார். இரண்டு பிரிவுகள் ஒத்துப்போகாமல் முட்டி நிற்கும்போது முடிவெடுக்க வேண்டியது தலைவர்தான், அதைத் தள்ளிப் போடாதே என்பதுதான் கேள்வியின் பொருள். 2016-ல் கேம்ப்பெல் இறந்தார். கூகுள் 2008-ல் தொடங்கிய உள் ஆய்வு ஒன்று, தன் நல்ல மேனேஜர்களிடம் பொதுவாக என்ன இருக்கிறது என்று தேடியது. பட்டியலில் முதலில் வந்தது, அவர் ஒரு நல்ல கோச்சாக இருக்கிறார் என்பது. தொழில்நுட்பத் திறன் கடைசியில்தான் வந்தது.

இது உண்மையில் வேலை செய்கிறதா?

செய்கிறது. ஆனால் விளம்பரத்தில் சொல்லும் அளவுக்கு அல்ல.

கோச்சிங் விற்பவர்களின் பிரசுரங்களில் ஒரு எண்ணை அடிக்கடி பார்க்கலாம்: போட்ட பணத்தைப் போல 5.7 மடங்கு திரும்பி வரும். இது 2001-ல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்தது. கோச்சிங் பெற்ற 100 நிர்வாகிகளிடம் கேட்டு, அவர்கள் தாங்களே சொன்ன மதிப்பீட்டை வைத்துக் கணக்குப் போட்டார்கள். சாப்பிட்டவரிடமே சாப்பாட்டின் லாபக் கணக்கைக் கேட்ட மாதிரி. இன்னொன்று, 1997-ல் அமெரிக்கப் பொதுத்துறை அமைப்பு ஒன்றில் நடந்த ஆய்வு. வகுப்புப் பயிற்சி மட்டும் தந்தபோது உற்பத்தித் திறன் 22.4 விழுக்காடு கூடியது, அதற்குப் பிறகு எட்டு வாரம் தனித்தனியாக கோச்சிங் தந்தபோது 88 விழுக்காடு கூடியது. கேட்க அற்புதமாக இருக்கும். ஆனால் அதில் இருந்தவர்கள் வெறும் 31 மேனேஜர்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை.

நம்பகமானவை, பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஆய்வுகள். 2014-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வேலைத் திறன், மனநலம், நெருக்கடியைச் சமாளிப்பது, வேலை மீதான மனப்பான்மை, இலக்கை நோக்கித் தன்னைத்தானே நடத்திக்கொள்வது என எல்லாவற்றிலும் பலன் தெரிந்தது. 2015-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் 17 ஆய்வுகளை அலசினார்கள். பலன் மிதமானது, ஆனால் நிச்சயம் உண்டு என்பது அவர்கள் முடிவு. அதில் இரண்டு விஷயங்கள் நம் ஊர்ச் சின்ன கம்பெனிகளுக்கு முக்கியம். வெளியிலிருந்து வந்த கோச்சைவிட, நிறுவனத்துக்குள்ளேயே இருப்பவர் கோச்சாக இருந்தபோது பலன் அதிகமாக இருந்தது. எத்தனை சந்திப்பு, எத்தனை மாதம் என்பது பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தவில்லை.

பலகோடி கம்பெனிகளால்தான் முடியும் என்ற எண்ணத்தை இது உடைக்கிறது. தவுக்கே ஒருவர், அவருக்குக் கீழே இரண்டு மூத்த மேனேஜர், முப்பது ஆட்கள் என்று நடக்கும் பேக்டரியில், அந்த மூத்த மேனேஜரில் ஒருவர் கேட்கக் கற்றுக்கொண்டால் போதும். என் பார்வையில் கோச்சிங் அதிகம் தேவைப்படுவது சி.இ.ஓ.வுக்கு அல்ல, முதல் முறையாகப் பத்துப் பேருக்குப் பொறுப்பாகும் இளைஞருக்குத்தான். நல்ல டெக்னீசியனை சூப்பர்வைசர் ஆக்கிவிட்டு, ஒரு சொல்லும் சொல்லிக்கொடுக்காமல் விட்டால், கம்பெனி ஒரே நாளில் நல்ல டெக்னீசியனை இழந்து, திணறும் சூப்பர்வைசரைப் பெறுகிறது. அவர் ஆறு மாதத்தில் ராஜினாமா செய்தால் இரண்டும் போச்சு.

காசு யார் கொடுப்பது?

இங்கேதான் லெவி வருகிறது. மலேசியாவில் 1993 முதல் மனிதவள மேம்பாட்டு நிதி ஒன்று இயங்குகிறது. இன்று அதை நடத்துவது எச்.ஆர்.டி. கோர்ப், அதற்கான சட்டம் 2001-ஆம் ஆண்டுச் சட்டம். 2021 மார்ச் முதல் அது இன்னும் பல துறைகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. சட்டத்தின் கீழ் வரும் துறையில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளி, அவர்களுடைய மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை லெவியாகக் கட்ட வேண்டும். ஐந்து முதல் ஒன்பது பேர் இருந்தால், விருப்பப்பட்டு 0.5 விழுக்காடு கட்டிச் சேரலாம். இது முதலாளி கட்டும் பணம், உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 பேர், ஆளுக்கு சராசரியாக 3,000 ரிங்கிட் என்றால், மாதச் சம்பளச் செலவு 75,000 ரிங்கிட். லெவி மாதம் 750 ரிங்கிட், வருடத்துக்கு 9,000. இந்தப் பணம் பணியாளர்களின் பயிற்சிக்காகக் கம்பெனியின் கணக்கில் சேர்கிறது. நீண்ட நாள் தொடாமலே விட்டால் அது பறிபோகவும் விதியில் இடமிருக்கிறது. ஆனாலும் "வேலைக்கே நேரமில்ல, இதுல டிரெய்னிங் வேறயா" என்று லெவியை ஒரு வரி மாதிரிக் கட்டிவிட்டு மறந்துவிடும் முதலாளிகள் இருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் எச்.ஆர். ஆளிடம் நீங்கள் கேட்கலாம்: "நம்ம லெவியில எவ்வளவு பாக்கி இருக்கு? புது சூப்பர்வைசர்களுக்கு கோச்சிங்குக்கு அதைப் பயன்படுத்தலாமா?" அந்தப் பயிற்றுநர் எச்.ஆர்.டி. கோர்ப்பில் பதிவு பெற்றவரா, அந்த நிகழ்ச்சிக்குப் பணம் கோர முடியுமா என்பதை அவர்கள் பார்க்க வேண்டும். விண்ணப்பம் பயிற்சி தொடங்கும் முன்பே போக வேண்டும். முடித்துவிட்டு பில்லைக் கொண்டுபோனால் வேலைக்காகாது.

நீங்கள் சொன்னது பாஸ் காதுக்குப் போகுமா?

எல்லாவற்றையும்விட இந்தக் கேள்விதான் முக்கியம். கம்பெனி காசு கொடுக்கிறது, நீங்கள் பேசுகிறீர்கள். அப்படியென்றால் கோச் யாருடைய ஆள்?

"இந்த வேலையே எனக்கு வேணாம்னு தோணுது" என்று நீங்கள் கோச்சிடம் சொல்கிறீர்கள். அது எச்.ஆர். மேசைக்குப் போனால் அடுத்த வருடப் பதவி உயர்வு என்ன ஆகும்? மேனேஜரின் குணத்தைப் பற்றிச் சொன்னது அந்த மேனேஜருக்கே போனால்? இந்தப் பயம் இருக்கும்வரை நீங்கள் உண்மையைப் பேச மாட்டீர்கள். உண்மையைப் பேசாத இடத்தில் கோச்சிங் வெறும் காபி நேரம்தான்.

அதனால் முறையாக நடக்கும் கோச்சிங்கில் முதல் சந்திப்புக்கு முன்பே மூன்று தரப்பும், அதாவது கம்பெனி, கோச், நீங்கள், உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்வார்கள். எந்த இலக்குக்காக இது, எத்தனை சந்திப்பு, கம்பெனிக்கு எது தெரிவிக்கப்படும், எது தெரிவிக்கப்படாது. நீங்கள் சந்திப்புகளுக்கு வந்தீர்களா, பேசிவைத்த இலக்குகள் என்ன என்ற அளவில் மட்டும் சொல்லலாம், அறைக்குள் பேசியதைச் சொல்லக் கூடாது என்பது வழக்கமான ஏற்பாடு. உயிருக்கு ஆபத்து, சட்டவிரோதச் செயல் போன்ற விதிவிலக்குகளையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1995-ல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் சம்மேளனமான ஐ.சி.எஃப்.-இன் நெறிமுறைகள் இந்தத் தெளிவைக் கட்டாயமாக்குகின்றன.

இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். "நான் பேசுறதுல எதெல்லாம் யாருக்குப் போகும்?" என்று முதல் நாளே கேளுங்கள். கோச் மழுப்பினால் அந்த அறையில் வானிலையைப் பற்றி மட்டும் பேசுங்கள். நிறுவனத்துக்குள்ளேயே இருப்பவர் கோச்சாக வந்தால் இந்தக் கேள்வியின் அவசரம் இரண்டு மடங்கு. உங்கள் நேரடி மேலதிகாரி ஒருபோதும் உங்கள் அதிகாரபூர்வ கோச்சாக இருக்கக் கூடாது என்பது என் கருத்து. போனஸுக்கு மார்க் போடுபவரிடம் யாரும் மனம் திறக்க மாட்டார்கள்.

யார் வேண்டுமானாலும் கோச் ஆகலாமா?

மலேசியாவில் கவுன்சலர்களுக்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பதிவு பெறாமல் அந்தப் பெயரில் தொழில் செய்ய முடியாது. கோச்சுக்கு அப்படியொரு சட்டம் இல்லை. இரண்டு நாள் வகுப்புக்குப் போய்விட்டு, லிங்க்ட்இன்னில் கைகட்டி நிற்கும் படம் ஒன்றைப் போட்டு, 'லைஃப் அண்ட் எக்ஸிகியூட்டிவ் கோச்' என்று எழுதிக்கொள்ள யாராலும் முடியும். எழுதிக்கொள்கிறார்கள்.

ஐ.சி.எஃப். சான்று ஓர் அளவுகோல். முதல் நிலையான ஏ.சி.சி.க்கு 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேர கோச்சிங் அனுபவமும் வேண்டும். அடுத்த பி.சி.சி.க்கு 125 மணி நேரப் படிப்பு, 500 மணி நேர அனுபவம். மேல் நிலையான எம்.சி.சி.க்கு 200-ம் 2,500-ம். சான்று இருந்தால் நல்லவர் என்று அர்த்தமில்லை, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது. அதைவிட நல்ல சோதனை, ஒரு முதல் சந்திப்பு. அந்த ஒரு மணி நேரத்தில் யார் அதிகம் பேசினார்கள் என்று பாருங்கள். அவர் தன் சாதனைக் கதைகளையே நாற்பது நிமிடம் சொன்னால், அவர் நல்ல பேச்சாளராக இருக்கலாம். கோச்சிங்கின் பலனுக்கும் இருவருக்கும் இடையிலான நம்பிக்கைக்கும் மிதமான தொடர்பு இருப்பதை 27 ஆய்வுக் குழுக்களைச் சேர்த்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டு அலசல் ஒன்று காட்டியது. தமிழிலேயே யோசித்து, பாதி ஆங்கிலம் பாதி மலாய் கலந்து பேசும் உங்களுக்கு, எந்த மொழியில் மனம் திறக்கும் என்பதும் இதில் சேர்த்திதான்.

எப்போது கோச்சிங் வேண்டாம்?

இருபது பேர் வேலையைப் பன்னிரண்டு பேர் செய்கிறீர்கள் என்றால் உங்களுக்குத் தேவை எட்டு ஆட்கள், கோச் அல்ல. ஓவர்டைம் சரியாகக் கொடுக்காத இடத்தில் 'மனப்பான்மையை மாற்றுவோம்' என்று கோச் வந்தால் சந்தேகப்படுங்கள். யாரை வேலையை விட்டு அனுப்பலாம் என்று ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு, "நாங்க கோச்சிங் எல்லாம் கொடுத்துப் பார்த்தோம்" என்று ஃபைலில் எழுதுவதற்காக ஏற்பாடு செய்யும் நிறுவனங்களும் உண்டு. மூன்று தரப்புச் சந்திப்பில் இலக்கு என்னவென்று எழுதச் சொன்னால் இது வெளியே வந்துவிடும். தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, உயிரோடு இருக்கவே தோன்றவில்லை என்ற நிலையில் இருப்பவர் போக வேண்டியது டாக்டரிடமோ பதிவு பெற்ற கவுன்சலரிடமோதான். சுகாதார அமைச்சின் 15555 உதவி எண்ணிலும் பேசலாம்.

கம்பெனி செலவு செய்யாது, சொந்தக் காசும் இல்லை என்றால்? வேலை இழந்தவர்களுக்கு சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் தொழில் ஆலோசனையும் பயிற்சிக் கட்டண உதவியும் உண்டு. அது எக்ஸிகியூட்டிவ் கோச்சிங் அல்ல, ஆனால் பலருக்கு அது இருப்பதே தெரியாது. வேலையில் இருப்பவர்கள் வேறொரு கம்பெனியில் இதே நிலையில் உள்ள நண்பரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம்: இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஆளுக்கு அரை மணி நேரம், கேள்வி மட்டும், அறிவுரை கிடையாது. முதல் தடவை பத்து நிமிடத்துக்குள் ஒருவராவது "நான் சொல்றத கேளு மச்சான்" என்று ஆரம்பித்துவிடுவார். அப்போது நிறுத்திவிட்டு, மறுபடி கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.